கப்பலில் இருக்கும் சோபா யாருடையது?

அந்தமானில், ஸ்ரீ விஜயபுரத்தை ஒட்டிய புரோத்ராபூரில் ஒருவர் புது வீட்டுக்குச் சோபாவும் கட்டிலும் சென்னையிலிருந்து வரவழைத்தால், அவை சுமார் 1,200 கிலோமீட்டர் கடல் தாண்டி வரவேண்டும். உள் அலங்கார டிசைனர் வடிவமைத்துத் தருவதோடு நின்றுகொண்டால் சிக்கல் குறைவு. பொருளையும் அவரே வாங்கி விற்கும்போதுதான் காகிதம் முக்கியமாகிறது. வீட்டுக்காரரைக் காப்பாற்றுவது கடைசியில் வரும் பில் என்று பலரும் நினைக்கிறார்கள். அட்வான்ஸ் கொடுக்குமுன் கையெழுத்தாகும் கொட்டேஷன்தான் காப்பாற்றும் என்பது என் கட்சி. பில் வரும்போது பொருள் வந்திருக்கும், பணமும் போயிருக்கும்.

1930-ம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தைப் பாருங்கள். பொருளின் உரிமை யாரிடமோ, நட்டமும் அவருடையதே என்கிறது 26-வது பிரிவு. வாங்குபவருக்குச் சேர்ப்பதற்காக, உரிமையைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளாமல் விற்பவர் சரக்கைக் கப்பல்காரரிடம் ஒப்படைத்தால், உரிமை அங்கேயே கைமாறுகிறது. அதாவது, கொட்டேஷன் வாய் திறக்காவிட்டால், சென்னைத் துறைமுகத்தில் ஏறியதுமே சோபா புரோத்ராபூர்க்காரருடையதாகிவிடலாம்; வழியில் உப்புநீர் பட்டு ஊறினால் நட்டமும் அவருக்கே. சட்டம் இதற்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. கடல் வழியாக, காப்பீடு செய்வது வழக்கமான சூழலில் சரக்கை அனுப்பும் விற்பனையாளர், வாங்குபவர் காப்பீடு எடுத்துக்கொள்ள ஏதுவாக முன்கூட்டியே தகவல் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் கடலில் நேரும் இழப்பு விற்றவர் தலையில். இது அதே சட்டத்தின் 39(3)-வது பிரிவு. தீவுக்காகவே எழுதினார்களோ என்று தோன்றும். வீட்டில் பொருத்திக் கொடுப்பதாக டிசைனர் ஒப்புக்கொண்டிருந்தால், பொருத்தும் வரை உரிமை கைமாறவில்லை என்றும் வாதிடலாம். இத்தனை வாதத்துக்கும் இடம் வைக்காமல், ‘வீட்டில் இறக்கிப் பொருத்தி, வாடிக்கையாளர் பார்த்துக் கையெழுத்திடும் வரை பொறுப்பு விற்பவருடையது, கடல் காப்பீட்டுப் பிரீமியம் விலையில் அடக்கம்’ என்று ஒரே வரி எழுதினால் போதும்.

அடுத்தது, ‘உள் அலங்காரம், மொத்தம்’ என்று ஒற்றை வரியில் முடிந்துவிடும் கொட்டேஷன். அந்தமானில் வாட் வரி இருந்ததில்லை. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகுதான் விற்பனை பில்லுக்கு வரி சார்ந்த கட்டாயமே பிறந்தது. ஒற்றை வரியில் எழுதும் பழக்கம் நீடிப்பதில் வியப்பில்லை, ஆனால் அதற்கு இப்போது விலை உண்டு. தனித்தனியே விற்கக்கூடிய பல பொருள்களை ஒரே விலைக்குக் கட்டி விற்றால், அவற்றில் உயர்ந்த வரி விகிதமே முழுத் தொகைக்கும் விழும். மரக்கட்டிலுக்கு 18 சதவீதம்; முழுவதும் பிரம்பாலான மேசைக்கு 2025 செப்டம்பர் முதல் 5 சதவீதம்தான். ‘பிரம்பு மேசை, 4’ என்று தனி வரியும் தனி விலையும் போடாத சோம்பலுக்கு வீட்டுக்காரர் 13 சதவீதம் கூடுதலாகக் கட்டுகிறார்.

சின்ன ஊர், எல்லோரும் தெரிந்தவர்கள், இதற்கெல்லாம் காகிதமா என்று கேட்பார்கள். தெரிந்தவர்களுக்குள்தான் வாய் வார்த்தை பிறகு சண்டையாகிறது. முன்பின் தெரியாதவரிடம் நாம் எப்படியும் எழுதி வாங்கிக்கொள்கிறோம். டிசைனர்கள் சொல்லும் மறுப்பு இதைவிடக் கனமானது: பொருள்வாரியாக விலை போட்டால் வாடிக்கையாளர் ஆன்லைனில் தேடிப் பேரம் பேசுவார், எங்கள் லாபம் போய்விடும். பயம் நியாயமானது. ஆனால் பொருள்வாரியாகக் காட்டவேண்டியது விற்கும் விலையை; கடையில் அவர் வாங்கிய விலையை அல்ல. விற்பனையாளராக நிற்பவர் எவ்வளவு லாபம் வைக்கிறார் என்பது அவர் பாடு. ‘உங்களுக்காக நான் வாங்கித் தருகிறேன்’ என்று முகவராக நின்றுகொண்டு, ரகசியமாகத் தன் சரக்கையே தள்ளிவிட்டால் கதை வேறு. 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 216-வது பிரிவுப்படி, அந்த ஆதாயத்தை வாடிக்கையாளர் கேட்டு வாங்க முடியும். எனவே தான் விற்பவரா, முகவரா என்பதைக் கொட்டேஷனின் முதல் வரியிலேயே சொல்லிவிடுவது டிசைனருக்குத்தான் அதிகம் உதவும்.

அட்வான்ஸ் ரசீதிலும் இதே கறார் வேண்டும். சேவைக்கு வாங்கும் முன்பணத்துக்கு அப்போதே ஜி.எஸ்.டி. உண்டு, பொருளுக்கான முன்பணத்துக்கு 2017 நவம்பர் முதல் பொதுவாக இல்லை. ‘அட்வான்ஸ் பெற்றுக்கொண்டேன்’ என்று மட்டும் எழுதினால், வரைபடத்துக்கு எவ்வளவு, கட்டிலுக்கு எவ்வளவு என்று டிசைனரின் கணக்காளருக்கே தெரியாது.