உண்ணும் இடத்தில் புகை ஏன் கூடாது?

அன்னத்தைத் தெய்வமாகப் போற்றும் மரபில் வந்தவர்கள் நாம். சாப்பிட உட்காருமுன் கைகால் கழுவுகிறோம். இலையில் நீர் தெளித்துத் துடைக்கிறோம். முதல் கவளத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பெரியவர்கள் இன்றும் நம் வீடுகளில் உண்டு. உணவு மட்டும் தூய்மையாக இருந்தால் போதாது, உண்ணும் இடமும் தூய்மையாக இருக்க வேண்டும் என்பதே இதன் கருத்து. ஆயினும் ஜார்ஜ் டவுனின் கோப்பிக்கடைகளிலும் அங்காடிக்கடைகளிலும் நாசி கண்டார் கடைகளிலும் சாம்பல் கிண்ணம் நெடுங்காலமாக மேசைமேல் ஒரு சாதாரணப் பொருளாகவே இருந்து வந்தது. பக்கத்து மேசையிலிருந்து வரும் புகையைச் சகித்துக்கொண்டு சாப்பிடுவதும் நமக்குப் பழகிப் போயிருந்தது.

2019ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி அந்த நிலை மாறியது. நாடெங்கும் உணவு விற்கும் எல்லா இடங்களிலும் புகைத்தல் தடை செய்யப்பட்டது. இத்தடை எப்படி வந்தது, என்ன சொல்கிறது, நம் கோயில்களுக்கும் அன்னதானப் பந்தல்களுக்கும் அது எவ்வாறு பொருந்துகிறது என்பதை அன்பர்கள் தெளிவாக அறிந்துகொள்வது நல்லது.

சட்டம் வந்த வழி

மலேசியாவில் புகையிலைப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் விதிகள் 1983ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்டன. அவற்றுள் முக்கியமானவை 2004ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் தேதி நடைமுறைக்கு வந்த விதிகள். மருத்துவமனை, பள்ளிக்கூடம், அரசாங்க அலுவலகம், பேரங்காடி, பொதுப் போக்குவரத்து வாகனம், பெட்ரோல் நிலையம் எனப் புகைக்கக் கூடாத இடங்களின் பட்டியல் ஒன்றை அவ்விதிகள் தந்தன. அப்பட்டியலில் குளிர்சாதன வசதியுள்ள உணவகங்கள் இடம்பெற்றன. சமயக் காரியங்களுக்குப் பயன்படும் கட்டடங்களும் பொது இடங்களும் அதிலேயே இடம்பெற்றன என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். சாதாரணக் கோப்பிக்கடைக்குத் தடை வருவதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே கோயிலுக்குத் தடை வந்துவிட்டது.

குளிர்சாதன உணவகத்தை மட்டும் முதலில் சேர்த்ததற்குக் காரணம் எளிது. மூடிய அறையில் புகை வெளியேற வழியில்லை. திறந்த கடையில் காற்றோட்டம் உண்டு. புகை கலைந்து போய்விடும் என்று கருதப்பட்டது. ஆனால் பினாங்கு மக்கள் சாப்பிடுவது பெரும்பாலும் திறந்த கடைகளில்தான். மின்விசிறி சுழலும் கடையில் விசிறி புகையைப் போக்குவதில்லை. ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்குக் கொண்டு சேர்க்கிறது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை மலேசியா 2005ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. வேலையிடங்களிலும் உட்புறப் பொது இடங்களிலும் மக்களைப் புகையிலிருந்து காக்க வேண்டும் என்பது அதன் 8ஆவது பிரிவு. அந்தப் பொறுப்பின் தொடர்ச்சியாக, உணவுக்கடைத் தடையைப் பற்றிய அறிவிப்பை 2018 அக்டோபரில் அப்போதைய துணைச் சுகாதார அமைச்சர் டாக்டர் லீ பூன் சாய் வெளியிட்டார். 2019ஆம் ஆண்டு முழுவதும் மக்களுக்கு எடுத்துச் சொல்லும் காலமாக அமைந்தது. 2020 ஜனவரி 1 முதல் தண்டம் விதிப்பது முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

நம் ஊரின் பங்கையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1969இல் இங்கு அமைக்கப்பட்ட பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல பத்தாண்டுகளாகப் புகைப்பழக்கத்திற்கு எதிராகக் குரல் கொடுத்து வந்திருக்கிறது. அதன் தலைவராக நீண்ட காலம் தொண்டாற்றிய எஸ்.எம். முகமது இத்ரிஸ், உணவுக்கடைத் தடை வந்த அதே 2019ஆம் ஆண்டில் மறைந்தார்.

மூன்று மீட்டர் என்ற அளவு

உணவுக்கடையில் போடப்பட்ட மேசை நாற்காலியிலிருந்து மூன்று மீட்டருக்குள், அதாவது சுமார் பத்தடிக்குள், புகைக்கக் கூடாது என்பது விதி. கட்டடத்திற்குள் இருக்கும் கடை, வெளியே இருக்கும் கடை, சாலையோர அங்காடி, வண்டியில் விற்கும் உணவு ஆகிய எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கடைக்காரர் புகைக்கக் கூடாது என்ற அறிவிப்பை வைக்க வேண்டும். சாம்பல் கிண்ணம் போன்றவற்றைக் கொடுக்கக் கூடாது.

இந்த அளவை நம் ஊர்த் தெருவில் வைத்துப் பார்த்தால் ஒரு சங்கடம் தெரியும். பினாங்கு ஸ்திரீட், மார்க்கெட் ஸ்திரீட் பகுதிகளில் இருப்பவை பழைய கடைவீடுகள். அவற்றின் முன்னால் இருக்கும் அஞ்சடி, பெயருக்கேற்ப, ஏறக்குறைய ஐந்தடி அகலம்தான். அந்த அஞ்சடியிலேயே பல கடைகளில் மேசையும் கிடக்கிறது. அங்கிருந்து பத்தடி தள்ளி நிற்க வேண்டுமென்றால் சாலையில்தான் இறங்க வேண்டும். இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்ந்தால் அடுத்த கடை. அதுவும் சாப்பாட்டுக்கடையாக இருந்தால் அங்கும் தடை. 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தலமாக ஏற்கப்பட்ட இந்தப் பழைய நகரில் அஞ்சடியை அகலப்படுத்த முடியாது. ஆகவே புகைப்பவர் சற்று நடந்து, மக்கள் சாப்பிடாத இடத்திற்குச் செல்வதுதான் வழி. சாலை நடுவில் நின்று விபத்தைத் தேடிக்கொள்ள வேண்டும் என்று எந்த விதியும் கேட்கவில்லை.

தனி இடம் ஒதுக்கினால் போதாதா?

"புகைப்பவர்களுக்கு ஒரு மூலையை ஒதுக்கிவிட்டால் இரு தரப்புக்கும் நல்லதுதானே?" என்று நியாயமாகவே சிலர் கேட்கிறார்கள். இம்முறையைச் சில நாடுகள் கையாண்டிருக்கின்றன. இந்தியாவில் 2008 அக்டோபர் 2ஆம் தேதி பொது இடங்களில் புகைத்தல் தடை நடைமுறைக்கு வந்தபோது, முப்பது பேர் அல்லது அதற்கு மேல் அமரக்கூடிய உணவகங்கள் தனியான புகைக்கும் இடம் வைத்துக்கொள்ள இடமளிக்கப்பட்டது. சிங்கப்பூரில் 2006இல் கோப்பிக்கடைகளிலும் உணவங்காடி நிலையங்களிலும் தடை வந்தபோது, கோடு போட்டுப் பிரித்த புகைக்கும் மூலைகள் அனுமதிக்கப்பட்டன. ஆனால் 2017 முதல் புதிய மூலைகளுக்கு அங்கு அனுமதி கொடுப்பது நின்றுவிட்டது. அயர்லாந்தோ 2004 மார்ச்சில் மதுக்கடை உட்பட மூடிய வேலையிடங்கள் அனைத்திலும் தடையைக் கொண்டுவந்து, உலகில் முதல் நாடாக நின்றது.

தனி மூலை ஏன் போதவில்லை? தரையில் போட்ட கோட்டைப் புகை மதிப்பதில்லை என்பதே விடை. புகையிலைப் புகையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட இரசாயனங்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ எழுபது புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை. 1981ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர் தக்கேஷி ஹிராயாமா ஓர் ஆய்வை வெளியிட்டார். தாம் ஒருபோதும் புகைக்காத, ஆனால் கடுமையாகப் புகைக்கும் கணவருடன் வாழும் பெண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பது அதில் தெரிந்தது. 2006இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை, பிறர் விடும் புகையில் ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று கிடையாது என்றும், இடத்தைப் பிரிப்பதாலோ காற்றோட்டக் கருவியாலோ அந்த ஆபத்தை முற்றாக நீக்க முடியாது என்றும் கூறியது. பிறர் புகையினால் ஆண்டுதோறும் உலகில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

இன்னொருவரையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். சாப்பிட வந்தவர் அரைமணி நேரத்தில் எழுந்து போய்விடுவார். தே தாரே இழுப்பவரும், மேசை துடைப்பவரும், பாத்திரம் கழுவும் அம்மாவும் நாள் முழுவதும் அங்கேயே நிற்கிறார்கள். புகைக்கும் மூலை என்று ஒன்று இருந்தால், அங்கேயும் தட்டை எடுத்துக்கொண்டு போக வேண்டியவர்கள் அவர்கள்தாம். "எனக்குப் புகை ஒத்துக்கொள்ளாது" என்று வாடிக்கையாளரிடம் சொல்லும் துணிவு சம்பளத்திற்கு நிற்பவருக்கு எளிதில் வராது. அவர் சொல்ல முடியாததைச் சட்டம் அவருக்காகச் சொல்கிறது.

உரிமை பற்றிய வழக்கு

புகைப்பவர்களின் உரிமை பறிக்கப்படுகிறது என்று கூறி, தடை நடைமுறைக்கு வருவதற்குச் சில நாள்களுக்கு முன்பு ஏழு பேர் கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். 2019 அக்டோபரில் அம்மனு தள்ளுபடி செய்யப்பட்டது. இந்தத் தடை ஒருவர் புகைப்பதையே குற்றமாக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். எங்கே புகைக்கலாம் என்பதை மட்டுமே அது வரையறுக்கிறது.

அடுத்த படியாக, புகைப்பொருள்களுக்கென்றே தனிச் சட்டம் ஒன்று வந்தது. 2023 நவம்பர் 30இல் மக்களவையிலும் டிசம்பரில் மேலவையிலும் நிறைவேறிய அச்சட்டம், 852ஆவது சட்டமாக, 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உணவுச் சட்டத்தின் நிழலில் இருந்த விதிகள் இதனால் சொந்தக் காலில் நின்றன. மின்சிகரெட்டும் வேப்பும் இச்சட்டத்தின் கீழ் வருகின்றன. "இது புகையல்ல, வெறும் ஆவிதான்" என்று உணவுக்கடையில் சமாதானம் சொல்ல இனி இடமில்லை. தடை செய்யப்பட்ட இடத்தில் புகைத்தால் ஐயாயிரம் வெள்ளி வரை தண்டம் விதிக்க முடியும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதும் குற்றம்.

கோயிலும் பந்தலும்

இனி நம் வீட்டுக் காரியத்திற்கு வருவோம். தைப்பூசத்தின்போது தண்ணீர்மலைக்குச் செல்லும் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள் அமைகின்றன. அங்கே உணவு சமைக்கப்படுகிறது, பரிமாறப்படுகிறது; சமயக் காரியமாகவும் அது நடக்கிறது. இரண்டு காரணங்களாலும் புகை அங்கே கூடாது. பந்தலுக்குப் பின்னால் அடுப்படியில் நிற்கும் தொண்டர்களும், ஓய்வு நேரத்தில் ஓரமாக ஒதுங்கும் இளைஞர்களும் இதை நினைவில் கொள்ள வேண்டும். காவடி எடுத்து விரதத்தோடு நடப்பவர், மலைப்படி ஏற வந்த மூதாட்டி, தோளில் தூக்கிச் செல்லப்படும் குழந்தை ஆகிய எல்லோரும் அந்த வழியாகத்தான் போகிறார்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு ஒரு வாய்ப் புகையே போதும், படியேற்றம் பாதியில் நின்றுவிட.

இங்கே ஒரு நுட்பமான கேள்வி எழும். முனீஸ்வரர், மதுரை வீரன் முதலிய காவல் தெய்வங்களுக்குச் சுருட்டுப் படைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டே, அது என்னாவது? இந்த வழக்கத்தைப் பழிப்பது நமது நோக்கமன்று. பயபக்தியோடு செய்யும் முன்னோர் வழக்கம் அது. ஆனால் புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுகீசியர் வழியாகவே அது இந்தியாவுக்கு வந்தது. ஆகவே ஆகமத்திலோ பழைய சாத்திரத்திலோ அதற்கு விதி இருக்க வழியில்லை. மனிதர் தமக்குப் பிடித்த பொருளைத் தெய்வத்துக்கும் அன்போடு வைத்ததில் தொடங்கிய பழக்கம் என்றே கொள்ளலாம். அன்போடு வைப்பதற்குப் பற்றவைக்க வேண்டிய கட்டாயமில்லை. பற்றவைக்காத சுருட்டைத் தட்டில் வைத்துப் படைத்தாலும் படையல் படையல்தான். பற்றவைத்த சுருட்டின் புகையோ, யார் பொருட்டு ஏற்றினாலும், பக்கத்தில் கைகூப்பி நிற்கும் குழந்தையின் நெஞ்சுக்குள்தான் போகிறது. கோயில் நிர்வாகத்தினரும் பூசாரிகளும் கலந்து பேசி இதற்கு ஒரு நல்ல முறையை ஏற்படுத்திக்கொள்வது சிறப்பு.

நாம் செய்யக் கூடியவை

சட்டம் இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு கடைக்கும் ஓர் அதிகாரியை நிறுத்த முடியாது. பின்வருபவற்றை நாமே செய்யலாம்.

கோயில் மண்டபத்தில் திருமணமோ விருந்தோ நடத்துபவர்கள், அழைப்பிதழின் ஓரத்திலோ வாசலிலோ புகைக்க வேண்டாம் என்று ஒரு வரி எழுதி வைக்கலாம். பந்தலுக்குப் பொருளுதவி செய்யும் அன்பர்கள் அரிசி பருப்போடு ஓர் அறிவிப்புப் பலகைக்கும் சேர்த்துக் கொடுக்கலாம். யாரேனும் மறந்து பற்றவைத்தால் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. "அண்ணே, பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள், கொஞ்சம் தள்ளிப் போய்விட்டு வாருங்கள்" என்று இதமாகச் சொன்னால் பெரும்பாலோர் கேட்டுக்கொள்வார்கள். கேட்காதவரிடம் கடைக்காரரோ பொறுப்பாளரோ பேசட்டும்.

புகைப்பவர்களை ஒதுக்கிவைக்கவும் வேண்டாம். நாட்டில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரில் 2015இல் 22.8 விழுக்காட்டினரும் 2019இல் 21.3 விழுக்காட்டினரும் புகைத்ததாகத் தேசியச் சுகாதார ஆய்வுகள் காட்டின. ஐவரில் ஒருவர் என்றால், அவர்கள் நம் அப்பாவும் அண்ணனும் தம்பியுமாகத்தான் இருப்பார்கள். நிக்கோட்டினின் பிடி வலியது. விட நினைத்தும் முடியாமல் தவிப்பவர் பலர். அவர்களுக்கு அரசாங்கச் சுகாதார நிலையங்களில் ஆலோசனையும் சிகிச்சையும் கிடைக்கின்றன. கந்தனுக்கு விரதம் இருக்கும் நாள்களில் புகையை விட்டிருப்போர் நம்மிடையே எத்தனையோ பேர். நாற்பத்தெட்டு நாள் விட முடிந்தவருக்கு நாற்பத்தொன்பதாம் நாளும் முடியும். விரதம் முடிந்த மறுநாளே பழைய பெட்டியைத் தேடாமல், மருத்துவரை ஒருமுறை பார்த்து, அந்த நல்ல தொடக்கத்தை நிலைநிறுத்திக்கொள்ளலாம்.

பசித்தவருக்குச் சோறிடுவதை உயர்ந்த அறமாகக் கருதுபவர்கள் நாம். அவர் அந்தச் சோற்றை நல்ல காற்றோடு உண்ணச் செய்வதும் அந்த அறத்தில் சேர்ந்ததே. நம் கோயில்களும் பந்தல்களும் கடைகளும் இதில் முன்மாதிரியாக விளங்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.