அழைப்பும் குலத்தொழிலும்

என் சித்தி ஒரு மருத்துவமனையில் இருபத்திரண்டு வருஷம் துப்புரவுப் பணியாளராக இருந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் குருவானவர், கிறிஸ்தவனுக்கு வேலையே ஆராதனை, துடைப்பம் பிடிக்கிற கையும் தேவனைத் துதிக்கிற கைதான் என்றார். வீட்டுக்கு வந்ததும் சித்தி கேட்டார்: “வேல ஆராதனைன்னா, அந்த ஆராதனைய எங்க தெருவுக்கு மட்டும் ஏன்டா எழுதி வச்சிருக்கு?” அந்தக் கேள்வி எங்கெல்லாம் போய் முட்டுகிறது என்று பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

அன்றாட வேலையில் விசுவாசத்தை வாழ்வது என்கிற கருத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இடைக்கால ஐரோப்பாவில் ‘அழைப்பு’ பெற்றவர்கள் என்றால் துறவிகள், கன்னியர், பாதிரிமார். செருப்புத் தைப்பவனுக்கு வேலை இருந்தது, அழைப்பு இல்லை. மார்ட்டின் லூதர் இந்தப் படிநிலையைக் கலைத்துப் போட்டார். 1522ல் திருமணம் பற்றி எழுதியபோது, பிள்ளையின் பீத்துணியைத் துவைக்கிற தகப்பனைப் பார்த்து ஊர் சிரித்தாலும் கடவுளும் தேவதூதர்களும் மகிழ்கிறார்கள் என்று சொன்னார். ஜெர்மன் பைபிள் வழியாக ‘பெரூஃப்’ என்ற சொல்லில் அழைப்பு, தொழில் என்ற இரண்டு பொருளும் ஒன்றாய்க் கலந்தன. மடத்துக்குள் இருந்த புனிதம் அடுப்படிக்கும் பட்டறைக்கும் வந்தது. இது சின்ன விஷயமில்லை.

ஆனால் அதே சொல்லுக்குள் ஒரு பூட்டும் இருக்கிறது. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம், ஏழாம் அதிகாரம்: அவரவர் அழைக்கப்பட்ட நிலையிலேயே இருக்கட்டும் என்கிற இடம். 1525ல் ஜெர்மன் விவசாயிகள், கிறிஸ்து ரத்தம் சிந்தி எங்களையும் மீட்டிருக்க, நாங்கள் எப்படிப் பண்ணையடிமைகளாக இருப்பது என்று தங்கள் பன்னிரண்டு கோரிக்கைகளில் கேட்டார்கள். லூதர் பிரபுக்கள் பக்கம் நின்றார். கலகக்காரர்களை வெட்டிச் சாய்க்கச் சொல்லி எழுதினார். லூதரிடம் அழைப்பு என்பது கடவுள் விதித்த இடத்துக்குப் பணிந்துபோவதாக முடிகிறது என்று மாக்ஸ் வெபர் 1904-05 கட்டுரைகளில் சுட்டினார்.

இந்தச் சொல் நம் மண்ணில் விழுந்தால் என்ன ஆகும்? சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே மேல்கீழாக அடுக்கியிருக்கிறது என்று அம்பேத்கர் 1936ல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் காட்டினார். அந்த அடுக்குக்குள் வந்தவுடன் ‘அழைப்பு’ குலத்தொழிலாகிவிடுகிறது. பிரசங்கம் சுதர்மத்துக்குப் பொழிப்புரையாகிவிடுகிறது. சபைக்குள் நிலவும் உறவுகளும் அப்படித்தான். சபைக்குள் சாதியை உடனடியாகக் கைவிட வேண்டும் என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833ல் சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரில் பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள். ஒரே பாத்திரத்தில் குடிப்பதுதான் அவர்களுக்கு இடித்தது.

எதிர்த்திசையில் நடந்த ஒரு பரிசோதனையும் உண்டு. 1940களில் பிரான்ஸில் கத்தோலிக்கக் குருக்கள் சிலர் அங்கியைக் கழற்றிவிட்டு ஆலைக்கும் துறைமுகத்துக்கும் கூலிக்குப் போனார்கள். ஜாக் லோவ் மார்ஸேயில் கப்பல் சரக்கு இறக்கினார். தொழிலாளிகளை மனந்திருப்பப் போனவர்கள் சங்கத்தில் சேர்ந்தார்கள், வேலைநிறுத்தத்தில் நின்றார்கள். ஏறத்தாழ நூறு பேர். உழைப்பைப் புனிதம் என்று வாழ்த்தியவரை ரோமாபுரிக்குப் பிரச்சினையில்லை. குரு சங்கத்துக்காரரானபோதுதான் உறுத்தியது. 1954ல் திரும்பி வரச் சொன்னது. பலர் கீழ்ப்படியவில்லை. 1965ல்தான் மறுபடி அனுமதி கிடைத்தது.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கணும். அந்தக் குருக்கள் விரும்பி இறங்கினவர்கள், வேண்டாமென்றால் ஏறிவிடலாம். சித்திக்கு அந்த ஏணி கிடையாது.

அதற்காக அவருடைய பக்தியைத் தள்ளிவிட முடியாது. பிரசவ வார்டில் ரத்தம் கழுவும்போது அந்தத் தாயின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு ஜெபிப்பார். அதை நான் ஒரு காலத்தில் ‘பொய்ப் பிரக்ஞை’ என்று எழுதித் தள்ளியிருக்கிறேன். தப்பு. அதே சித்திதான் கையுறையும் ரப்பர் பூட்ஸும் கேட்டு, பதினோரு பெண்களைக் கூட்டிக்கொண்டு நிர்வாகியின் அறை வாசலில் போய் உட்கார்ந்தார். “ஊழியம்னு நெனச்சுச் செய்யுங்கம்மா” என்று சொன்னார்களாம். “ஊழியந்தான் சார். நீங்களும் ஒருநாள் வாங்க, சேந்தே செய்வோம்” என்றிருக்கிறார். கையுறை மூணு மாசம் கழித்து வந்தது. சார் வரவில்லை. மகளை அந்த வேலைக்கு அனுப்ப மாட்டேன் என்பதில் சித்தி கடைசிவரை உறுதியாக இருந்தார்.

உழைப்பைப் பாடுகிற தோழர்களுக்கும் இது பொருந்தும். யார் உழைப்பு, எந்தத் தெருவுக்கு எழுதப்பட்ட உழைப்பு என்று கேட்காமல் பாடினால் நாமும் அந்தப் பிரசங்கத்தைத்தான் திருப்பிச் சொல்கிறோம்.

பவுலின் அந்த அதிகாரத்தில் அடுத்த வசனம், அடிமைக்கு விடுதலையாக வழி கிடைத்தால் அதை நல்லதென்று எண்ணிக்கொள்ளச் சொல்கிறது. அன்றைய பிரசங்கம் அதற்கு முந்தின வசனத்தோடு நின்றுவிட்டது. சித்தியின் பைபிளில் அடிக்கோடு போட்டிருப்பது அந்த அடுத்த வசனத்துக்கு.