ஊசிமருந்தும் அதன் குறியீடும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், இரத்தநாளத்தினுள் செலுத்தப்படும் மருந்தொன்று வைத்தியரின் ஏட்டில் பெயராலும், கணக்கரின் ஏட்டில் ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் கூடிய குறியீட்டாலும் வழங்குகின்றது. ஊசிமருந்துகளிற் பெரும்பாலனவற்றின் குறியீடு ஜே என்னும் எழுத்தில் தொடங்கும். 1965-ஆம் ஆண்டிலே சட்டமாகிய மெடிகேர் என்னும் முதியோர் காப்புறுதி, வைத்தியசாலையிலே தங்கும் நோயாளிக்கு நோயின் வகைக்கேற்ப ஒரே தொகையாய்க் கொடுத்துவிடும். ஆதலின் அங்கே இக்குறியீட்டுக்கு அத்துணை வேலையில்லை. வெளிநோயாளிக்கும், வீட்டிலிருந்தே மருந்தேற்றிக்கொள்வோர்க்குமே இது பெரிதும் வேண்டப்படுவது.

இருதயம் தளர்ந்து, உடம்புக்கு வேண்டிய இரத்தத்தைச் செலுத்தமாட்டாதவிடத்து, அது சுருங்கும் வலிமையைப் பெருக்க டோபுட்டமின், மில்ரினோன் என்னும் மருந்துகள் அளிக்கப்படுவதுண்டு. முன்னதன் குறியீடு ஜே 1250. பின்னதற்கு ஜே 2260. இவ்வளவில் நின்றால் தொல்லை யாதுமில்லை. ஆயின் ஒவ்வொரு குறியீடும் மருந்தின் பெயரோடு ஓர் அளவையும் தன்னுள் அடக்கியுள்ளது. டோபுட்டமினுக்கு 250 மில்லிகிராம் ஓர் அலகு. மில்ரினோனுக்கு 5 மில்லிகிராமே ஓர் அலகு. 2001-இல் அங்கீகாரம் பெற்றுப் பின்னர் வழக்கொழிந்த நெசிரிட்டைடுக்கோ 0.1 மில்லிகிராம் ஓர் அலகாயிருந்தது. அதன் குப்பியில் 1.5 மில்லிகிராம் இருந்தமையால், குப்பி ஒன்று 15 அலகாகும். குப்பியை எண்ணி ஒன்றென எழுதிய கணக்கர், சேரவேண்டிய பணத்தில் பதினைந்தில் ஒரு பங்கையே பெற்றிருப்பார்.

ஒருமுறைக்கே உரிய குப்பியில் மிஞ்சுவதற்கும் கணக்குண்டு. 20 மில்லிகிராம் மில்ரினோனில் 15 செலுத்தப்பட்டு 5 வீணாயின், 3 அலகு ஒரு வரியிலும், 1 அலகு ஜேடபிள்யூ என்னும் அடையாளத்துடன் மறுவரியிலும் எழுதப்படவேண்டும். இது 2017 முதல் கட்டாயம். ஒன்றும் வீணாகவில்லையாயின் அதனையும் ஜேஇசட் என்று எழுதிக் காட்டுமாறு 2023 ஜூலையில் விதித்தனர். இல்லாததற்கும் ஓர் அடையாளமா என்று நாம் நகைக்கலாம். வெற்றிடமாய் விட்டால், வீணாகாமையோ மறதியோ என்று எவர் அறிவார்?

இனி, மிகுத்தெழுதுவதன் கேட்டினைப் பார்ப்போம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் சிறு பம்பொன்றை இடுப்பில் அணிந்து, கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.375 மைக்ரோகிராம் வீதம் இராப்பகலாக மில்ரினோன் ஏற்றிக்கொள்கிறாரென்க. நாளொன்றுக்கு 37.8 மில்லிகிராம், முப்பது நாளில் 1,134. அலகோ ஏறக்குறைய 227. மில்லிகிராமையே அலகென மயங்கி 1,134 என்று எழுதிவிட்டால், பட்டி ஐந்து மடங்காகும். மெடிகேர் பொதுவாக நூற்றுக்கு எண்பதே கொடுப்பதால், வேறு காப்புறுதியில்லாதவிடத்து எஞ்சிய இருபது நோயாளியின் தலையில் விழும். அதுவும் ஐந்து மடங்காய். மாற்று இருதயத்துக்குக் காத்திருப்போரும், அதற்கும் தகுதியற்று இறுதி மாதங்களை இல்லத்தே கழிப்போருமே இப்பம்பை அணிவோரிற் பலர்.