ஊறுகாய்ப் புல்: ஆட்டுக்கு ஏற்ற பக்குவம்

சைலேஜ் எனப்படும் ஊறுகாய்ப் புல், பசுந்தீவனத்தைக் காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்க வைத்த தீவனம். மக்காச்சோளமானால், மணி மாவுப் பதத்துக்கு வரும்போது அறுக்கப்படுகிறது. அப்போது பயிரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உலர்பொருள் இருக்கும். ஆடு தண்டை ஒதுக்கி இலையைப் பொறுக்கும் பிராணி. ஆகவே 1 முதல் 2 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குவது நல்லது. நறுக்கியதைக் கையில் இறுக்கினால் நீர் சொட்டக் கூடாது. சொட்டினால் சற்று வாட விட வேண்டும்.

குழியிலோ பையிலோ அடுக்கடுக்காக அழுத்தி மூடியதும், நுண்ணுயிரிகள் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கி, பிஹெச் அளவை 4-க்கு அருகே இறக்குகின்றன. புளிப்பு ஏறாமல் போனால்தான் வில்லங்கம். காற்று தங்கி, மண்ணும் கலந்திருந்தால் லிஸ்டீரியா கிருமி பெருகும். செம்மறியையும் வெள்ளாட்டையும் இது மாட்டைவிட எளிதில் தாக்கும். மூளையைப் பாதித்து, ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி நடக்க வைக்கும். சினையும் கலையலாம், கிருமி பாலிலும் இறங்கலாம்.

சுமார் 45 நாள் கழித்துத் திறக்கலாம். நல்ல பக்குவத்தில் பச்சை கலந்த மஞ்சள் நிறமும் இதமான புளிப்பு வாசனையும் இருக்கும். பூஞ்சணம் பிடித்ததை, அதைச் சுற்றியுள்ளதோடு சேர்த்து அகற்ற வேண்டும். அதைக் காயவைத்துப் போடுவது வீண் சிக்கனம். நல்ல ஊறுகாய்ப் புல்லைப் பால் கறந்த பிறகு கொடுத்தால், பாலில் அதன் வாடை ஏறாது.