கால் மரத்துப் போச்சா? கொஞ்சம் கவனியுங்க!

காஞ்சிபுரத்தில் கால் மரத்துப் போவது பெரிய சேதி இல்லை. நாள் பூராவும் குழித்தறியில் உட்கார்ந்தால் வேறென்ன ஆகும்? ‘எழுந்து நாலு நடை நடந்தா சரியாப் போயிடும் சார்’ என்பார் பிள்ளையார்பாளையத்து நெசவாளர். பெரும்பாலும் சரியாகத்தான் போகும்.

சரியாகாமல், பாதத்தில் தொடங்கிய பலவீனம் சில நாட்களில் தொடை, இடுப்பு, கை என்று மேலே ஏறினால்? அது ‘கியான்-பாரே’ நோயாக இருக்கலாம். 1916-ல் இதை விவரித்த பிரெஞ்சு டாக்டர்கள் மூன்று பேர். கியான், பாரே இருவர் பெயரும் நிலைத்துவிட்டது. ஸ்ட்ரோல் பெயர் காணாமல் போய்விட்டது. (கூட்டு வியாபாரத்தில் இதெல்லாம் சகஜம் என்பது பி.காம். படித்த எனக்குத் தெரியும்!)

நம்ம ஊர் ஜரிகையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பட்டு இழை, மேலே முலாம் பூசிய வெள்ளிச் சுற்று. நரம்பும் ஏறக்குறைய அப்படித்தான். மேலே ‘மயலின்’ என்ற உறை. கிருமியை விரட்டக் கிளம்பிய உடம்பின் எதிர்ப்புப் படை, ஆள் தெரியாமல் இந்த உறையைத் தாக்கினால் மூளையின் உத்தரவு காலுக்குப் போய்ச் சேராது.

வயிற்றுப்போக்கு, ஜுரம் வந்து போன சில வாரங்களில் இது வருவது உண்டு. 2025 ஜனவரியில் புனேயில் பலருக்கு வந்ததே, அதே நோய்தான். காரணப் பட்டியலில் எச்.ஐ.வி.யும் இருக்கிறது.

‘எச்.ஐ.வி. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற கிருமியாச்சே?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தொற்றின் ஆரம்பத்தில் படை இன்னும் பலமாகத்தான் இருக்கும். அந்தச் சமயத்தில்தான் இது அதிகம் வருகிறது. அபூர்வமாக, கூட்டு மருந்து தொடங்கி எதிர்ப்புச் சக்தி மீளும்போதும் வரலாம். ஆக, சிலருக்கு எச்.ஐ.வி. இருப்பதன் முதல் அடையாளமே கால் பலவீனமாக இருக்கக்கூடும்.

முதுகுத் தண்டு நீரைச் சோதித்தால் இந்த நோயில் புரதம் கூடியிருக்கும், செல்கள் கூடியிருக்காது. செல்களும் கூடியிருந்தால் டாக்டர் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கச் சொல்வார். ‘என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது?’ என்று கோபித்துக்கொண்டு கிளம்பினால் ஆபத்து நமக்குத்தான். பலவீனம் மூச்சுத் தசைக்கு ஏறிவிட்டால் செயற்கை சுவாசம் வேண்டியிருக்கும்.

வைத்தியம் இருக்கிறது. இம்யூனோகுளோபுலின் ஊசி, அல்லது ரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றுவது. கூடவே எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து. குணமாக மாதக்கணக்கில் ஆகலாம். ஆனால் பெரும்பாலோர் மறுபடி நடக்கிறார்கள்.

சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் 1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தபோது மருந்தே கிடையாது. 2004 ஏப்ரலில் தாம்பரம் உள்ளிட்ட அரசு மையங்களில் இலவச மருந்து தொடங்கியது. 2017-ல் வந்த சட்டப்படி, சம்மதம் வாங்காமல் டெஸ்ட் எடுக்கக்கூடாது. முடிவை வெளியே சொல்லக்கூடாது. சந்தேகம் கேட்க 1097 என்ற இலவச போன் எண்ணும் உண்டு.

கோயில் ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் செய்வார்கள். பேசட்டும். பலவீனம் மேலே ஏறுதா? ஊர் வாய்க்குப் பயந்து வீட்டில் படுக்காதீங்க. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. டெஸ்ட் எடுக்கணும்னு சொன்னா, தயங்காம கையை நீட்டுங்க.