கொல்லிப்பாவையும் மெடூசாவும்: அச்சம் குடியேறிய வரலாறு

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். பெருஞ்சேரல் இரும்பொறை கொல்லிக் கூற்றத்தில் அதிகமானையும் இருபெரு வேந்தரையும் வென்று தகடூரை அழித்த செய்தியைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகம் தருகிறது. தகடூரின் வீழ்ச்சியோடு இவ்வாறு தொடர்புற்ற கொல்லிமலையே சங்கப் புலவர் பாடிய கொல்லிப்பாவைக்கும் இடமாகும். கண்டாரைச் சிரித்துக் கொல்லும் பெண்ணுருவாக இப்பாவை இன்று அறியப்படுகிறது. நோக்கியோரைக் கல்லாக்கும் கிரேக்க மெடூசாவோடு இதனை ஒப்பிடத் தோன்றுவது இயல்பே. ஆயினும், இவ்விரு உருவங்களும் வளர்ந்த திசைகள் வேறு.

ஓமரின் இலியத்தில் கோர்கன் தலை அச்சத்தின் உருவாகவே இடம்பெறுகிறது. கோர்கன் உடன்பிறந்தார் மூவருள் மெடூசா ஒருத்தியே இறப்புடையவள் என்கிறார் எசியோது. கி.மு. 490ஆம் ஆண்டு வெற்றியைப் பாடிய பிண்டாரிடம் அவள் அழகிய கன்னத்தினள் ஆகிறாள். உரோமக் கவிஞர் ஒவிட், பேரழகியாகிய அவள் மினர்வா கோயிலில் நெப்டியூனால் வன்முறைக்கு உள்ளானதையும், அதன்பின் அவளுடைய கூந்தல் பாம்புகளாக மாற்றப்பட்டதையும் கூறுகிறார். அச்சவுருவுக்கு அழகும் துயரும் பின்னரே சேர்ந்தன.

கொல்லிப்பாவையின் நிலை இதற்கு மறுதலை. கபிலர் ஓரியின் கொல்லிப் பாவையையும் (குறுந்தொகை 100), பரணர் பொறையனின் கொல்லிப் பாவையையும் (குறுந்தொகை 89) தலைவிக்கு உவமையாக்குகின்றனர். காற்றும் மழையும் இடியும் நிலநடுக்கமும் தாக்கினும் உருக்கெடாத பாவைபோல் தலைவி நெஞ்சைவிட்டு நீங்காள் என்பது நற்றிணை 201 தரும் கருத்து. இப்பாடல்களில் பாவை யாரையும் கொல்லவில்லை. குறுந்தொகை 89இல் அச்சம் சுட்டும் 'பேஎம்' என்னும் சொல்கூட மலைக்கே அடையாகிறது, பாவைக்கு அன்று. சிலப்பதிகாரக் கடலாடு காதையில் வரும் பாவைக்கூத்தைப் போருக்கெழுந்த அவுணர் மயங்கி வீழத் திருமகள் கொல்லிப்பாவை வடிவில் ஆடியதாக உரைமரபு விளக்குகிறது. அழகு பகைவரை வீழ்த்தும் ஆற்றலாதலை இங்கே காணலாம்.

எனவே, கொல்லும் சிரிப்பைச் சங்கப் பாடல்களுக்குள் ஏற்றிப் படித்தால், நிலைபேறும் அழகும் சுட்டிய உவமை, தலைவியை அஞ்சத்தக்கவளாக்கும் உவமையாகத் திரிந்துவிடும். ஒப்பாய்வில் தொன்மத்தின் காலப்படிநிலைகளைப் பிரித்தறிதல் இதனால் இன்றியமையாததாகிறது.