இரண்டாவது அறுவை சிகிச்சை தேவைதானா?

உடல் எடையைக் குறைக்க இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொள்வது மும்பை, தில்லி, பெங்களூர், ஐதராபாத் போன்ற நகரங்களில் வாழும் நம்மவர்களுக்கு இன்று புதிய செய்தி அல்ல. உறவிலோ, அடுக்குமாடிக் குடியிருப்பிலோ ஒருவராவது செய்துகொண்டிருப்பார். அப்படிச் செய்துகொண்டவர்களில் சிலர் ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் மருத்துவர் முன் அமர நேரிடுகிறது. "முன்பு செய்தது ஸ்லீவ், அதை இப்போது பைபாஸாக மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார் அவர். வீட்டிலோ ஆளுக்கொரு பேச்சு. "ஒரு தடவை வயிற்றைக் கிழித்தது போதாதா?" என்று ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் அழுகிறார். "முதலிலேயே பைபாஸ் செய்திருக்க வேண்டும்" என்கிறார் மைத்துனர்.

இந்த இடத்தில் பலரும் 'எந்த அறுவை உயர்ந்தது?' என்று கேட்கத் தொடங்குகிறார்கள். அது இரண்டாவது கேள்வி. முதலில் செய்ததில் இப்போது என்ன தொல்லை, அது எதனால் வந்தது என்பதே முதல் கேள்வி. அதற்கு விடை தெரிந்துவிட்டால் மாற்றுவதா வேண்டாமா என்பது பெரும்பாலும் தானாகவே தெளிவாகிவிடும்.

மூன்று வகைகள்

எடைக் குறைப்பு அறுவைகளில் நாம் அடிக்கடி கேள்விப்படுபவை மூன்று. முதலாவது 'பேண்ட்'. இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றி சிலிக்கோன் பட்டை ஒன்றை மாட்டி, தோலுக்கடியில் பதித்த சிறு குமிழ் வழியாக நீர் ஏற்றி இறுக்குவார்கள். 2001-இல் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி அளித்த பிறகு சில ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்தது. இப்போது அரிதாகவே செய்கிறார்கள்.

இரண்டாவது 'ஸ்லீவ்'. இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் போன்ற ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பது. வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

மூன்றாவது 'பைபாஸ்'. 1966-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் தொடங்கிவைத்த முறையின் வளர்ச்சி இது. இரைப்பையின் மேல்நுனியில் சிறு பை ஒன்றைப் பிரித்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைத்துவிடுவார்கள். மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும். ஆனால் உணவு அந்த வழியே போகாது.

நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி உண்டு. இன்று தனித்த சிகிச்சையாகச் செய்யப்படும் ஸ்லீவ், பெரியதொரு அறுவையின் பகுதியாகவே பிறந்தது. மிகப் பருமனானவர்கள் முழு அறுவையையும் ஒரே மூச்சில் தாங்கமாட்டார்கள் என்று, 2000-ஆம் ஆண்டையொட்டி, முதல் கட்டமாக இதைச் செய்து, எடை குறைந்த பின் அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். பலருக்கு முதல் கட்டமே போதுமானதாக இருந்ததால் அது தனி அறுவையாக நிலைபெற்றது. ஆகவே இரண்டாவது அறுவை என்றதுமே நோயாளி தோற்றுவிட்டார் என்று பொருளாகாது.

நெஞ்செரிச்சல் காரணமானால்

ஸ்லீவ் செய்துகொண்டவர்கள் மாற்றத்தை நாடுவதற்கு மிக வலுவான காரணம் நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும்தான். குழாய்போல் குறுகிய இரைப்பையில் அழுத்தம் கூடி, அமிலம் மேலே ஏறுகிறது. ஃபின்லாந்தில் 240 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஸ்லீவும் மற்றதற்கு பைபாஸும் செய்த ஆய்வின் பத்தாண்டு முடிவு 2022-இல் வெளியானது. எண்டோஸ்கோபி செய்து பார்த்ததில் ஸ்லீவ் பிரிவில் 31 சதவீதம் பேருக்கும், பைபாஸ் பிரிவில் 7 சதவீதம் பேருக்கும் உணவுக்குழாய்ப் புண் இருந்தது.

மாத்திரைக்கு அடங்காத எதுக்களிப்பு, இரவில் தலையணை நனைய அமிலம் வாய்க்கு வருதல், எண்டோஸ்கோபியில் தெரியும் புண் ஆகியவை இருந்தால் பைபாஸுக்கு மாறுவது நியாயமான முடிவு. பெரும்பாலோருக்குத் தொல்லை தணிகிறது. ஆனால் பைபாஸிலும் வகை உண்டு. நம் நாட்டில் பரவலாகச் செய்யப்படும் 'மினி பைபாஸ்' ஒரே இணைப்பு கொண்டது. அதில் பித்தநீர் மேலேறும் வாய்ப்பு இருக்கிறது. எனவே எதுக்களிப்புக்காக மாறுகிறவர்களுக்கு இரண்டு இணைப்புகள் கொண்ட பழைய முறையையே பொதுவாகத் தேர்கிறார்கள். உங்களுக்கு எதைச் செய்யப்போகிறார்கள், ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எடை மீண்டும் ஏறினால்

இது கொஞ்சம் சிக்கலானது. எந்த அறுவை ஆனாலும் ஒன்றிரண்டு ஆண்டுகளில் எடை அடிமட்டத்தைத் தொட்டு, பிறகு சிறிது ஏறுவது இயல்பு. 130 கிலோவிலிருந்து 85-க்கு இறங்கியவர் 92-இல் நின்றால் அது தோல்வி அல்ல. அவரே 118-ஐத் தொட்டால் காரணம் தேடவேண்டும்.

காரணம் இரைப்பைக் குழாய் விரிந்ததாக இருக்கலாம். பேரியம் குடித்து எடுக்கும் எக்ஸ்ரேயில் அது தெரியும். தைராய்டு, இன்சுலின், மனநோய்க்கான சில மருந்துகள் ஆகியவையும் எடையை ஏற்றும். சாப்பாடும் காரணமாகலாம். சின்ன இரைப்பை, இட்லி மூன்றைத் தடுக்கும். ஆனால் மணிக்கொரு தரம் சர்க்கரை போட்ட காபி, கொறிக்கும் மிக்சர், முறுக்கு, ஐஸ்கிரீம் ஆகியவற்றைத் தடுக்காது. அவை வழுக்கிக்கொண்டு போய்விடும். பைபாஸுக்கு மாற்றினாலும் அந்தப் பழக்கம் கூடவே வரும்.

மேலும், எடைக்காக மட்டும் ஸ்லீவை பைபாஸாக மாற்றுகிறவர்களுக்குக் கூடுதலாகக் குறையும் எடை பெரும்பாலும் மிதமானதே. முதல் தடவை கண்ட அதிசயம் இரண்டாம் தடவையும் நடக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மேலே சொன்ன ஃபின்லாந்து ஆய்வில்கூட, முதல் அறுவையாகச் செய்தபோதே பத்தாண்டு முடிவில் மிகை எடையில் குறைந்தது ஸ்லீவில் சுமார் 44 சதவீதம், பைபாஸில் சுமார் 51 சதவீதம். வேறுபாடு உண்டு; மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு அல்ல.

கத்திக்கு முன் முயன்று பார்க்க இப்போது மருந்தும் இருக்கிறது. வாரம் ஒரு முறை போட்டுக்கொள்ளும் டிர்செப்படைட் 2025 மார்ச்சிலும், எடைக் குறைப்புக்கான செமாகுளூடைட் ஊசி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. நிறுத்தினால் எடை திரும்பக்கூடும் என்பது இவற்றின் குறை. ஆனாலும் மருத்துவர் மேற்பார்வையில் ஒரு முயற்சிக்குத் தகுந்தவை.

பேண்ட் போட்டவர்கள்

பட்டை நழுவினாலோ, இரைப்பைச் சுவரை அரித்துக்கொண்டு உள்ளே போனாலோ, விழுங்கியதெல்லாம் வாந்தியானாலோ அதை எடுத்தே ஆகவேண்டும். பட்டையை எடுத்த அன்றே மாற்று அறுவை செய்வதா, தழும்பு ஆற சில மாதம் காத்திருப்பதா என்பது உள்ளே திசு இருக்கும் நிலையைப் பொறுத்தது. பட்டை அரித்திருந்தால் அவசரம் கூடாது.

மாற்றினால் எதை ஏற்கவேண்டும்?

ஒரு தடவை அறுத்த இடத்தில் குடலும் திசுவும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் கசிவு, இரத்தப்போக்கு போன்ற ஆபத்துகள் முதல் அறுவையைவிட இரண்டாவதில் கூடுதல். இத்தகைய மறு அறுவைகளைத் தொடர்ந்து செய்து பழகிய கைகளிடம் மட்டுமே ஒப்படைக்கவேண்டும்.

பைபாஸுக்குப் பின் இரும்புச்சத்து, பி-12, கால்சியம், வைட்டமின் டி ஆகியவை ஆயுள் முழுதும் வேண்டும். இறைச்சி, முட்டை தொடாத குடும்பங்களில் பி-12 முன்பே குறைவாக இருக்கும். இங்கே இரட்டிப்புக் கவனம் தேவை. மூட்டுவலிக்கு இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவற்றைக் கடையில் வாங்கி விழுங்கினால் இணைப்பில் புண் வரும். புகை பிடித்தாலும் அப்படியே. பித்தநாளத்தில் கல் வந்தால் வழக்கமான எண்டோஸ்கோபிக் குழாய் அங்கே எளிதாகப் போகாது. இனிப்பு உண்டதும் படபடப்பு, வியர்வை, மயக்கம் சிலருக்கு வரும். குழந்தை வேண்டுவோர் அறுவைக்குப் பின் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை காத்திருக்கச் சொல்வார்கள்.

கோப்பும் காப்பீடும்

வேலை நிமித்தம் ஊர் ஊராக மாறும் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு சிறப்புத் தொல்லை உண்டு. அறுவை நடந்தது புனேயில். இப்போது வாழ்வது கொல்கத்தாவில். புதிய மருத்துவருக்கு முதலில் தேவைப்படுவது பழைய 'ஆபரேஷன் நோட்ஸ்'. டிஸ்சார்ஜ் சீட்டில் முழு விவரம் இருக்காது. இரைப்பையில் எவ்வளவு விட்டுவைத்தார்கள், எங்கே தைத்தார்கள் என்பது அறுவைக் குறிப்பில்தான் உண்டு. இன்று எந்தத் தொல்லையும் இல்லாதவர்களும் அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

காப்பீட்டைப் பொறுத்தவரை, ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த பொது விதிப்படி, எடைக் குறைப்பு அறுவைக்குப் பணம் கிடைக்க உடல் எடைக் குறியீடு 40 இருக்கவேண்டும். அல்லது 35-உடன், கட்டுக்கடங்காத சர்க்கரை, கடும் உறக்க மூச்சுத்திணறல், இதய நோய் ஆகியவற்றில் ஒன்று இருக்கவேண்டும். 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 35 என்பது சுமார் 90 கிலோ. 40 என்பது சுமார் 102 கிலோ. முதல் அறுவையால் இதற்குக் கீழே வந்துவிட்டவர், எதுக்களிப்புக்காக மாற்றிக்கொள்வதானால், அந்தக் காரணத்தை எண்டோஸ்கோபி அறிக்கையுடன் மருத்துவரிடம் எழுதி வாங்கி, காப்பீட்டு நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிட வேண்டும்.

முடிவெடுக்கும் முன் மருத்துவரிடம் கேட்கவேண்டியவை நான்கு. முதல் அறுவையில் என்ன குறை? அதை எந்தப் பரிசோதனை காட்டியது? மாற்றாமல் விட்டால் என்ன ஆகும்? நீங்கள் இதுவரை இப்படி எத்தனை பேருக்கு மாற்றியிருக்கிறீர்கள்? நான்குக்கும் தெளிவான விடை கிடைத்தால் துணிந்து செய்துகொள்ளலாம். கிடைக்காவிட்டால் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அவசரம் இல்லாத அறுவை ஒரு மாதம் தள்ளிப்போவதால் பெரிய நட்டம் ஒன்றும் வந்துவிடாது.